பெரிய டின்னும் சின்ன எழுத்தும்

போன வாரம் வரைக்கும் சின்னவளுக்கு மூத்த ஓரகத்தி மேல் ஒரு குறையும் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இந்தக் கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஒரே கட்டடம், மூன்று தளம், மூன்று அண்ணன் தம்பிகள். கீழே பெரியவரும் பெரியவளும். நடுத்தளத்தில் இரண்டாமவர். அவர் மனைவி அழகு நிலையம் நடத்துகிறாள். காதில் விழுந்ததைப் பொழுது சாய்வதற்குள் நாலு தெருவுக்குச் சேர்த்துவிடுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மேல்தளத்தில் சின்னவளும், அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவனும். மூன்று வீடும் சேர்ந்து கட்டணம் கட்டி எடுத்த உறுப்பினர் கார்டில், மூன்று வீட்டுச் சாமானையும் பெரியவள் ஒருத்தியே மொத்தக்கடையில் வாங்கி வருவாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் பங்கு பிரியும். அவள் கையால் எழுதிய சீட்டைப் பார்த்து மற்ற இரண்டு வீடும் காசு கொடுக்கும். மூன்று வருஷமாக இதுதான் நடைமுறை. கடை பில்லை எவரும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பார்கள்? பெரியவள் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவள். ஒரு மூட்டை அவள் கையெழுத்தில்லாமல் உள்ளே போனதில்லை. அவளிடம் போய் பில் கேட்பது டாக்டரிடம் போய் நாடி பிடிக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி.

ஆனால் சின்னவள் வேலை பார்ப்பது மருந்துக் கடையில், பில் போடும் இடத்தில். நாள் முழுக்க அட்டையைத் திருப்பி விலை பார்த்தே பழகிய கண். போன வாரம் திடீரென்று எண்ணெய் தீர்ந்துபோய், முனைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கினாள். நூற்று அறுபத்திரண்டு ரூபாய். வீட்டுக்கு வந்து பெரியவளின் சீட்டை எடுத்துப் பார்த்தாள். ஐந்து லிட்டர் டின், எண்ணூற்று நாற்பது. அதாவது லிட்டர் நூற்று அறுபத்தெட்டு.

மொத்தக்கடையில் வாங்கினால் மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? முனைக் கடைக்காரன் லாபம் வைத்து விற்கும் விலையை விட ஆறு கூடவா?

சோப்புத்தூளைப் பார்த்தாள். முனைக் கடையை விடக் கிலோவுக்கு ஐந்து கூட. சர்க்கரை, இரண்டு கூட. அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே சாட்சி சொல்ல வந்துவிடும், இல்லையா? மொத்தக்கடைக்கு யார் கூட வருகிறேன் என்றாலும் பெரியவள் ஏன் வேண்டாம் என்கிறாள்? பில் எங்கேக்கா என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டதற்கு, கிழிச்சுப் போட்டாச்சு என்று ஏன் முகத்தைத் திருப்பினாள்? போன மாதம் புதுக் கண்ணாடி போட்டாளே, அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

மனசோடு வைத்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. நேற்று சாயங்காலம் படிக்கட்டில் எதிரே வந்தது யார் தெரியுமோ? ரேடியோ!

"முகமே சரியில்லையே, என்னாச்சு?" என்றாள் ரேடியோ. வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் நம் சின்னவள். அட அசடே, சொல்வதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை!

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் பங்கு.

"நான் இன்னைக்கு அரை நாள் லீவு" என்றாள் சின்னவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "எதுக்கு?"

"மொத்தக்கடைக்குப் போய்ப் பாக்கப் போறேன்."

"அண்ணியைச் சந்தேகப்படறியா?"

"விலையப் பாக்கப் போறேன்னு சொன்னேன். அண்ணியப் பாக்கப் போறேன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு அச்சுத் தொழில் படிக்க ஃபீஸ் கட்டினது அவங்க. அவங்க கைய நம்பலேன்னா நான் யார் கையயும் நம்ப முடியாது."

"நம்புங்க. உங்க அச்சகத்துல ஓவர்டைம் நிறுத்தி மூணு மாசமாச்சு. வீட்டுத் தவணைக்கு மாசாமாசம் நான்தான் அங்கயும் இங்கயும் பிடிச்சுத் தள்ளிட்டிருக்கேன். சாமான்ல கூடப் போற காசு மிஞ்சினா, தவணைய நாள் தவறாம கட்டலாம். அவங்க நியாயமா வாங்கறாங்கன்னா வாய மூடிட்டு வந்துடறேன். இல்லேன்னா இந்த மாசத்தோட நாம தனி."

"தனின்னு போய்ச் சொன்னா, காரணம் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அப்புறம் நான் அந்த வீட்டு வாசப்படிய எப்படி மிதிக்கறது?"

அவளுக்கும் அதுதான் பயம். தனக்கு அம்மை போட்டிருந்தபோது பதினைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் பெரியவள். அப்படிப்பட்டவளைத் திருடி என்று நினைக்கவே மனசு கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மொத்தக்கடை பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிஷ நடை. உள்ளே போனால் கூரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு அலமாரிகள். தள்ளுவண்டியே ஒரு தொட்டில் அளவு. அதில் இரண்டு சாமான் வைத்தால் ஒன்றுமே வாங்காத மாதிரி இருக்கும். ஆளை வாங்க வைக்க எப்படியெல்லாம் யோசித்திருக்கிறான் பாருங்கள்!

சின்னவள் வண்டி எடுக்கவில்லை. சீட்டை மட்டும் எடுத்தாள்.

எண்ணெய் வரிசை. மஞ்சள் அட்டையில் கை அகலத்துக்கு 'குடும்ப டின்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே விலை. அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. குனிந்து பார்த்தாள். லிட்டருக்கு நூற்று எண்பத்தேழு.

தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். ஐந்து லிட்டர் டின், தொள்ளாயிரத்து முப்பத்தைந்து.

சீட்டில் எண்ணூற்று நாற்பது.

கூட்டி எழுதியிருப்பாள் என்று பிடிக்க வந்தால், குறைத்தல்லவா எழுதியிருக்கிறாள்! சோப்புத்தூள் வரிசைக்கு ஓடினாள். ஆறு கிலோ பை எழுநூற்று எண்பது. சீட்டில் அறுநூற்றுத் தொண்ணூறு. சர்க்கரையும் அப்படித்தான். துணி சோப்பும் அப்படித்தான். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய பையெல்லாம் சின்னப் பையை விட விலை கூட. 'குடும்ப' என்று எழுதியிருந்தால் எவரும் வகுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தேகம் லேசில் விடுமா? ஒரு மாதத்தில் விலை ஏறியிருக்கலாமே என்றது மனசு. அதையும் பார்த்துவிடுவோம் என்று வாடிக்கையாளர் சேவை என்று போட்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"போன மாச பில் தொலைஞ்சுடுச்சு. இன்னொண்ணு கிடைக்குமா?"

"கார்டு இருக்கா?" என்றாள் அங்கே இருந்த பெண்.

"வீட்டுல இருக்கு."

"போன் நம்பர் சொன்னாலும் போதும்."

பெரியவரின் எண்ணைச் சொன்னாள். இவ்வளவு சுலபமாக ஒருத்தர் பில்லை இன்னொருத்தர் எடுத்துவிடலாமா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. இயந்திரம் முழ நீளத்துக்கு மஞ்சள் காகிதத்தைத் தள்ளியது. போன மாதத் தேதி. அதே தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. அதே எழுநூற்று எண்பது. சீட்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, போனில் கூட்டினாள். மூன்று வீட்டுப் பங்குக்கும் சேர்த்துச் சீட்டில் குறைத்துப் போட்டிருந்தது மூவாயிரத்து நூற்றுச் சொச்சம்.

"இந்த விலையெல்லாம் எப்பலேர்ந்துங்க?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும். முதல்ல மலிவா போட்டு கார்டு சேர்த்தாங்க. அப்புறம் ஏத்திட்டாங்க." அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இந்த நம்பர்ல நீங்க ரெண்டாவது ஆளு. போன வாரம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாங்க. அஞ்சு வருஷக் கட்டணம் கட்டியிருக்கேன், ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு, கார்ட ரத்து பண்ணிட்டு மிச்சத்தக் குடுங்கன்னு கேட்டாங்க. திருப்பித் தர்றதில்லைன்னு படிவத்துலயே போட்டிருக்கும்மான்னு மேனேஜர் காட்டினார். பாவம், அந்த எழுத்த ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னாங்க."

சின்னவள் பில்லை மடித்துக் கைப்பையில் வைத்தாள். நிம்மதியாக இருக்க வேண்டியவள்தான். அக்கா திருடி இல்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேறு ஒன்று குடைய ஆரம்பித்தது. மாதம் மூவாயிரம். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவள். அந்தக் காசு யாருடையது?

இன்னொன்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. ரேடியோ! நேற்று அவளிடம் வாயைக் கொடுத்தோமே!

இறங்கியவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பாய் விரித்து, தராசு வைத்து, மூன்று வரிசையாகச் சாமான் பிரித்திருந்தது. பெரியவள் அளவுக் குவளையோடு நடுவில். பெரியவர் நாற்காலியில். இரண்டாமவரும் சின்னவள் கணவனும் சுவரோரம், யார் முகத்தையும் பார்க்காமல். ரேடியோ நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் பெரிசாக் கேக்கலையேக்கா. பில்லக் காட்டுங்கன்னேன். அவ்வளவுதானே?"

"பில் இல்லன்னு சொல்லிட்டேனே" என்றாள் பெரியவள்.

"மூணு வருஷமா ஒரு மாசத்து பில்கூடவா இல்ல? முனைக் கடையில லிட்டர் நூத்தி அறுபத்திரண்டு. உங்க சீட்டுல நூத்தி அறுபத்தெட்டு. நான் கண்டுபிடிக்கல, இதோ வர்றாளே, இவ கண்டுபிடிச்சா. கேளுங்க!"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அது... நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். "இருங்க, சொல்றேன்." கைப்பையைத் திறந்தாள்.

மஞ்சள் காகிதத்தின் நுனிதான் வெளியே வந்தது. பெரியவள் கண்ணில் அது பட்டுவிட்டது. அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியாதா? குவளையைப் பாயில் வைத்தாள். அவள் முகம் வெளுத்ததைச் சின்னவள் மட்டும்தான் பார்த்தாள்.

"சின்னவளே, நீ சும்மா இரு" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா, நான்..."

"சும்மா இருன்னு சொன்னேன்ல?" பிறகு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். "ஆமா. நான்தான் கூட்டி எழுதினேன்."

ரேடியோகூட இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை வரும், அழுகை வரும், இரண்டு நாள் பேச விஷயம் கிடைக்கும் என்றுதான் வந்தாள்; ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை மாசமா?" என்றார் பெரியவர்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"எதுக்கு?"

"தோணிச்சு, செஞ்சேன்."

சின்னவள் கணவன் எழுந்தான். அண்ணியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைத்தான் பார்த்தான். திருப்திதானா என்று கேட்கிற பார்வை. பங்கைக்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டான்.

பெரியவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு திருகாணிகூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதர்.

"கார்டை சின்னவகிட்ட குடுத்துடு" என்றார் கடைசியில். "இனிமே இந்த வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி வாங்கறதா இருந்தாலும் அவதான் வாங்கணும்."

பெரியவள் சுவர் அலமாரியிலிருந்து கார்டை எடுத்து வந்து நீட்டினாள். வாங்காமல் நிற்க முடியுமா, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. சின்னவள் வாங்கிக்கொண்டாள்.

நடுத்தளத்துக்காரர்கள் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினதும், சின்னவள் சமையலறைக்குள் போனாள். பெரியவள் எண்ணெய்க் குவளையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது அது.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பில் என் கையிலதான் இருந்தது. ஒரு நிமிஷத்துல எல்லாம் சரியாயிருக்கும். நான் பேசினதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன்."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? போட்ட காசெல்லாம் உங்க காசு! உங்கள எல்லாரும் திருடின்னு நினைக்கறாங்க!"

"நினைக்கட்டும்." பெரியவள் குழாயை இன்னும் திறந்துவிட்டாள், சத்தத்துக்காக. "மொத வருஷம், அதுக்கும் மேல கொஞ்ச நாள், நிஜமாவே மலிவா இருந்ததுடீ. அப்புறம் ஏத்திட்டான். டின் அதே டின், நான் பாக்கல. பெரிசா வாங்கினா மலிவுன்னு பழகின புத்தி. எவ்வளவு மாசம் அப்படியே ஏமாந்தேன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் குனிஞ்சு பாத்தப்புறம்தான் புரிஞ்சது. மூணு வீட்டுச் சட்டைப்பையிலேர்ந்தும் கார்டுக்கு கட்டணத்தப் புடுங்கி அஞ்சு வருஷத்துக்குக் கட்ட வெச்சவ நான். ரெண்டாமவர் அப்பவே வேணாம்னார். எனக்கா கணக்குச் சொல்றீங்கன்னு சண்டை போட்டேன். இப்ப போய், ஏமாந்துட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அதுக்குத் திருடின்னு ஒத்துக்குவீங்களா?"

"திருடின்னா காசு வீட்டுல எங்கயோதான் இருக்குன்னு அவர் நினைச்சுப்பார். ஒரு மாசம் பேசமாட்டார், அப்புறம் சரியாயிடும். நிஜத்தச் சொன்னா, அடுத்த வார்த்தை என்ன கேப்பார் தெரியுமா?"

சின்னவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது அவளே கேட்டுக்கொண்ட கேள்விதானே.

"எங்கேர்ந்துக்கா போட்டீங்க?"

பெரியவள் குவளையைத் திருப்பித் தேய்த்தாள். "என் கையில இருந்தது போன மாசத்தோட தீந்துபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"அப்போ இந்த மாசத்துக்கு?"

"சின்னவளே!" கூடத்திலிருந்து பெரியவர் குரல். "இங்க வாம்மா."

பெரியவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. போனில் எது வந்தாலும் பெண்டாட்டிதான் படித்துச் சொல்வாள். இன்று அவர் கூப்பிட்டது பெண்டாட்டியை இல்லை. பெரியவளின் கை தண்ணீருக்கு அடியில் அப்படியே நின்றுவிட்டது.

"பேங்க்லேர்ந்து ஏதோ வந்திருக்கு. என்ன போட்டிருக்கான், பாத்துச் சொல்லு" என்று போனை நீட்டினார்.

சின்னவள் மனசுக்குள் படித்தாள்.

'உங்கள் இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகையை முன்கூட்டியே முடிக்க இரு கையெழுத்துகளுடன் விண்ணப்பம் பெறப்பட்டது. இது உங்களுக்குத் தெரியாமல் செய்யப்பட்டிருந்தால் திங்கட்கிழமை மாலைக்குள் கிளைக்குத் தெரிவிக்கவும்.'

அது எந்தப் பணம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரியவர் வேலையை விட்ட அன்றைக்கு வாங்கிய காசை முழுசாகப் போட்டு வைத்தது. பிள்ளை குட்டி இல்லாத நாங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் யார் கையையும் எதிர்பார்க்க மாட்டோம் என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது அதை நம்பித்தான்.

இரு கையெழுத்து. அதில் ஒன்று பெரியவர் போடாத கையெழுத்து.

சின்னவள் நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் பெரியவள் நின்றிருந்தாள். ஈரக் கையைத் துடைக்கவில்லை. கூடத்தில் திருடி என்று நிமிர்ந்து நின்றவள், இப்போது கண்ணால் கெஞ்சினாள்.

சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது, பணம் தப்பும். சொன்னால், சற்று முன் தன் வாயாலேயே பாதி செத்தவள் இப்போது முழுசாகச் செத்துப்போவாள்.

"என்னம்மா, முக்கியமா?" என்றார் பெரியவர்.

"ஒண்ணுமில்ல மாமா." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. "கடன் வேணுமான்னு கேக்கறான்."

"இவனுங்களுக்கு வேற வேலையே கிடையாது. அழிச்சுடு." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "இனிமே வர்றதையெல்லாம் நீயே பாத்துக்கோம்மா. இந்த வீட்டுல இப்போ உன் ஒருத்தியத்தான் நம்பறேன்."

சின்னவள் அழித்தாள்.